ஆட்டோ வரலைன்னா நடந்து போகலாம்!

மன்னார்குடி மதிலழகுன்னு ஊர் ஊரா பெருமையா சொல்வாங்க. ராஜகோபால சுவாமி கோயில் மதிலைப் பார்த்தவங்களுக்கு அது நிஜம்னு தெரியும். ஆனா, ப்ராஜெக்ட் ரிவ்யூ அன்னிக்கு நாம பார்க்குற மதில் வேற மக்களே! செமினார் ஹால் முன்பக்கச் சுவர். அதுல நீலக் கலர்ல ஒரு பெரிய சதுரம். சதுரத்துக்கு நடுவுல ரெண்டே வார்த்தை... 'நோ சிக்னல்'!

முதல் வரிசையில ஹெச்.ஓ.டி. பக்கத்துல வெளியூர்லேர்ந்து வந்த எக்ஸாமினர். உங்களுக்குக் கொடுத்திருக்கிறது பத்து நிமிஷம். கேபிளைப் பிடுங்கிச் சொருகுறதுலயே நாலு நிமிஷம் காலி. பின்வரிசையிலேர்ந்து இலவச ஆலோசனை மழை. 'ரீஸ்டார்ட் பண்ணுடா...', 'விண்டோஸ்ல போட்டுப் பாரு மச்சி...', 'பேசாம என் லேப்டாப்ல பண்ணிடு!' கடைசியில லேப் அட்டெண்டர் அண்ணன் வந்து கேபிளை ஒரு அழுத்து அழுத்துவாரு. படம் வந்துடும். எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அதனால, அடுத்த வருஷமும் இதே படம் ஹவுஸ்ஃபுல்லா ஓடும்!

இந்த வார மேட்டர் இதுதான். ஸ்க்ரீன் எவ்வளவு பெருசு, எத்தனை புள்ளி, ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை வரையணும்... இதையெல்லாம் கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சு செட் பண்றது நல்லதா? இல்லை, நாம கையால செட் பண்றது நல்லதா? ஆட்டோவா, மேனுவலா?

ஆட்டோன்னா நம்ம பஸ் ஸ்டாண்ட் ஆட்டோ மாதிரிதான் பாஸ். வந்தா சுகம். ஆனா, வராத அன்னிக்கு வீட்டுக்கு நடந்து போற வழியாவது தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

மானிட்டருக்கும் ஜாதகம் உண்டு!

கம்ப்யூட்டருக்கு மானிட்டரைப் பார்க்கக் கண்ணு கிடையாது. அப்புறம் எப்படி 'இது 1366 × 768' என்று கரெக்டா கண்டுபிடிக்குது? மேட்டர் சிம்பிள். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளேயும் ஒரு குட்டி மெமரி சிப் இருக்கிறது. அதுக்குள்ள 128 பைட் நீளத்துக்கு ஒரு ஜாதகம்! டெக்னிக்கலா அதுக்குப் பேர் ஈ.டி.ஐ.டி.

ஜாதகம்னு சும்மா சொல்லலை. அதுல குலம் இருக்கு... தயாரிச்ச கம்பெனியோட மூணு எழுத்துக் குறியீடு. பிறந்த வருஷம் இருக்கு... 1990-லேர்ந்து எத்தனை வருஷம்னு ஒரு எண். 24 என்று இருந்தால் 2014-ல் பிறந்த மானிட்டர். எந்த வாரம்கிறதும் சேர்த்து. அகலமும் உயரமும் சென்டிமீட்டர்ல இருக்கு. முக்கியமா, 'எனக்குப் பொருத்தமான அளவு இது' என்று ஒரு வரி இருக்கும். பொருத்தம் பார்க்கிறதுதான் ஆட்டோ செட்டிங்ஸோட வேலையே.

ஒரு சுவாரசியம் கேளுங்க. ப்ரொஜெக்டர் ஜாதகத்துல அகலம், உயரம் ரெண்டுமே வழக்கமா 0-தான்! ஏன்னா, சுவருக்குப் பக்கத்துல வெச்சா படம் சின்னது, தள்ளி வெச்சா பெருசு. 'என் சைஸை என்கிட்ட கேட்காதே, சுவரைக் கேளு'ங்குது ப்ரொஜெக்டர். நியாயம்தானே!

தோஷமும் பார்ப்பாங்க. 128 பைட்டையும் கூட்டினா 256-ஆல மீதியில்லாம வகுபடணும். அதுக்காகவே கடைசி பைட்டை எண்ணிப் போட்டிருப்பாங்க. வழியில ஒரே ஒரு பைட் மாறினாலும் கூட்டல் உதைக்கும். 'இந்த ஜாதகத்துல ஏதோ தப்பு இருக்கு'ன்னு கம்ப்யூட்டர் உஷாராயிடும்.

இந்த ஜாதகம் கேபிள் வழியாத்தான் வருது. நம்ம நீலத்தலை வி.ஜி.ஏ. கேபிள்ல 15 பின் இருக்கு இல்லையா? அதுல 12-வது பின்னும் 15-வது பின்னும்தான் தபால்காரர்கள். ஒண்ணு தகவலைச் சுமக்கும், இன்னொண்ணு தாளம் போடும். படத்தோட சிவப்பு, பச்சை, நீலம் வர்றது 1, 2, 3 பின்கள்ல. இதை மனசுல வெச்சுக்குங்க. கிளைமாக்ஸ்ல தேவைப்படும்.

கையால எழுதின காலம்

இந்த ஏற்பாடு ஆரம்பத்துலேர்ந்தே இருந்ததில்லை. ஐ.பி.எம். கம்பெனி வி.ஜி.ஏ.வைக் கொண்டு வந்தது 1987-ல். மானிட்டர் ஜாதகத்துக்கு வீசா அமைப்பு விதிமுறை எழுதினது 1994-ல். (வெளிநாடு போற வீசா இல்லீங்க... இது வீடியோ விதிமுறைகளை எழுதுற கூட்டமைப்பு.) அதுக்கு அடுத்த வருஷம் வந்த விண்டோஸ் 95, 'பிளக் அண்ட் பிளே' என்று ஊரெல்லாம் சொன்னது. சொருகு, விளையாடு!

லினக்ஸ் பக்கம் கதையே வேற. அங்கே திரையைப் பார்த்துக்கிறது 'எக்ஸ்' என்கிற சிஸ்டம். அதை ஓட்டணும்னா ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைலை உட்கார்ந்து எழுதணும். 'உங்க மானிட்டரோட ஹாரிசான்டல் ஃப்ரீக்வென்சி எவ்வளவு? வெர்ட்டிகல் எவ்வளவு?' என்று கேள்வி வரும். மானிட்டரோட கூட வந்த புஸ்தகத்துல தேடணும். தப்பா எழுதினா மானிட்டர் கெட்டுப்போகலாம்னு எச்சரிக்கை வேற! சும்மா மிரட்டல் இல்லை. அந்தக் காலத்து டப்பா மானிட்டர்கள் சிலதுல, தாங்காத ஃப்ரீக்வென்சியைக் கொடுத்தா உள்ளே இருக்கிற சர்க்யூட் நிஜமாவே அடி வாங்கும். இப்போ இருக்கிற எல்.சி.டி. நல்ல பிள்ளை. பிடிக்கலைன்னா 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று சொல்லிட்டு சும்மா இருந்துடும்.

அந்த ஃபைல்ல 'மோட்லைன்' என்று ஒரு வரி வரும். பார்த்தா யாரோட போன் நம்பரோன்னு தோணும். ஆனா, டெல்டாக்காரனுக்கு அது ஈஸியா புரியும். எப்படின்னு பாருங்க.

1440 × 900 மானிட்டர் ஒண்ணுக்கு, செகண்டுக்கு 60 தடவை வரையணும்னு வெச்சுக்குவோம். வீசா 2003-ல் கொடுத்த கணக்குப்படி போட்டா, ஒரு வரிக்கு 1440 புள்ளி இல்லை... 1904 புள்ளி வரும். மொத்த வரி 900 இல்லை, 934. மிச்சம் எங்கே போச்சு? அறுப்பு மெஷின் வயல்ல ஒரு கோடு ஓடி முடிச்சா, அடுத்த கோட்டுக்குத் திரும்ப நேரம் வேணும் இல்லையா? திரும்புற நேரத்துல நெல் அறுபடாது. ஆனா, டீசல் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதே மாதிரி, டப்பா மானிட்டர்ல எலெக்ட்ரான் கதிர் ஒரு வரி முடிச்சுட்டு அடுத்த வரி ஆரம்பத்துக்குத் திரும்புற நேரம்தான் அந்த 464 புள்ளி. கீழேர்ந்து மேலே போற நேரம்தான் அந்த 34 வரி.

இப்போ 1904-ஐ 934-ஆல பெருக்குங்க. 17,78,336. மோட்லைன்ல முதல்ல வர்ற எண் 106.5. அதாவது, செகண்டுக்கு 10 கோடியே 65 லட்சம் புள்ளி. இதை அதால வகுத்தா 59.89. அட, நம்ம 60! அவ்வளவுதான் மோட்லைன். ரெண்டாம் செமஸ்டர் மேத்ஸ்கூட இல்லை, ஆறாங்கிளாஸ் கணக்கு.

ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தது

2004-ல் லைசென்ஸ் தகராறுல 'எக்ஸ்ஃப்ரீ86' உடைஞ்சு, 'எக்ஸ்.ஆர்க்' தனியா வந்தது. 2007-ல் 'ராண்டர் 1.2' வந்ததும், ஓடிக்கிட்டு இருக்கும்போதே இன்னொரு மானிட்டரைச் சேர்க்கவும் கழட்டவும் முடிஞ்சது. 2009 மார்ச்சில் வந்த லினக்ஸ் கெர்னல் 2.6.29, திரையை செட் பண்ற வேலையைக் கெர்னலுக்குள்ளேயே எடுத்துக்கிட்டது. முதல் பயன் இன்டெல் கிராஃபிக்ஸ்காரங்களுக்கு. அதுக்கப்புறம் 'எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃப்' ஃபைலே இல்லாம கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிச்சது. பெரியவங்க எழுதி வெச்ச அந்த ஃபைல், பரண் மேல ஏறிடுச்சு.

ஒரு தலைமுறை மொத்தமா நிம்மதிப் பெருமூச்சு விட்டது. விட வேண்டியதுதான். 'நாங்கல்லாம் அந்தக் காலத்துல கையால எழுதினோம்...'னு சீனியர்கள் சொல்ற வீரக்கதையை நம்பி, மேனுவல்தான் உசத்தின்னு நினைச்சுடாதீங்க. 100 தடவையில 95 தடவை ஆட்டோ கரெக்டா பண்ணுதுன்னா, அந்த 95 தடவையும் உங்களுக்கு வேலை மிச்சம். (95 என்கிறது சும்மா ஒரு பேச்சுக்கு!) கேள்வி, மிச்சம் அஞ்சு தடவை பத்தித்தான்.

நம்ம ஊர்ல இது யார் தலையில விழுந்தது?

தமிழ்நாட்டுக்கும் லினக்ஸுக்கும் பழைய உறவு. சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநரா இருந்தப்போ, அரசு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறினது. 2007-ல் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் பாஸ். (நான் உங்களைக் கூப்பிடுற பாஸ் வேற!) 2011 செப்டம்பர் 15-ல் அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கினது. ஆரம்பத்துல கொடுத்த மாடல்கள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தினதும், அரசு அலுவலகங்கள்லயும் பாஸ் போடச் சொல்லி உத்தரவு போனது.

யோசிச்சுப் பாருங்க. கிராமத்து அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளை. வீட்டுல அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரே கிடையாது. முதல் முறையா சொந்தமா ஒரு மெஷின். அதுல லினக்ஸ். அதைத் தூக்கிக்கிட்டு காலேஜுக்கு வந்து, ப்ரொஜெக்டர்ல மாட்டுது. நோ சிக்னல். பக்கத்துல ஒருத்தன் சிரிக்கிறான். அந்தப் பிள்ளைக்கு அந்த நிமிஷத்துல ரெண்டு முடிவு தோணும். ஒண்ணு, 'லினக்ஸ் வேஸ்ட்'. ரெண்டாவது இன்னும் மோசம். 'எனக்கு இதெல்லாம் வராது'.

ரெண்டுமே தப்பு பாஸ்! நிஜத்துல நடந்தது என்ன? 12-வது பின் வளைஞ்ச கேபிள். அவ்வளவுதான். கேள்வி போச்சு, பதில் வரலை. லினக்ஸும் குற்றவாளி இல்லை, பிள்ளையும் குற்றவாளி இல்லை. ஆனா, அதைச் சொல்றதுக்கு அந்த ஹால்ல ஒரு ஆள் இருந்ததில்லை. லேப்டாப்பை வாங்கினதும் முதல் வேலையா லினக்ஸை அழிச்சுட்டு வேற ஏத்தின அண்ணன்கள், அக்காக்கள் எங்க ஏரியாவுலயே எத்தனையோ பேர். அதுல எத்தனை அழிப்புக்குக் காரணம் ஒரு வளைஞ்ச பின்னோ, யார் கண்டா?

இப்பவும் கதை முடியலை. 2025-26 தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்துல டேப்லெட் அல்லது லேப்டாப் என்று அறிவிச்சிருக்காங்க. இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப் மெஷின்களுக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. ஆக, புது லேப்டாப்பும் பழைய ப்ரொஜெக்டரும், பழைய மெஷினும் புது லினக்ஸும் மறுபடி சந்திக்கப் போகுது. கல்யாணம் நிச்சயம். ஜாதகம் வந்து சேருமாங்கிறதுதான் கேள்வி!

ஆட்டோ ஏன் வரலை?

காரணங்களை லிஸ்ட் போடுறேன். பெரும்பாலும் இதுக்குள்ள அடங்கிடும்.

ஒண்ணு: கேபிள். மலிவா வாங்கின சில வி.ஜி.ஏ. கேபிள்கள்ல ஜாதகம் கொண்டு போற கம்பியே இருக்காது. கலர் வர்ற கம்பி நல்லா இருக்கும். அதனால படம் வரும், ஆனா சைஸ் தப்பா வரும். ஹால் முழுக்க ஓட்டின 15 மீட்டர், 20 மீட்டர் கேபிள்லயும் இந்தத் தகவல் வழியிலேயே தேஞ்சு போகலாம்.

ரெண்டு: நடுவுல இருக்கிற டப்பா. ஒரே படத்தை ரெண்டு இடத்துக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர், ஹெச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.வா மாத்துற கன்வெர்ட்டர். தரகர் மாதிரி. நல்ல தரகர் ஜாதகத்தைப் பத்திரமா கொண்டு வருவார். மோசமான தரகர் தன் இஷ்டத்துக்கு ஒண்ணு எழுதிக் கொடுப்பார்.

மூணு: வி.ஜி.ஏ.வோட பிறவிக் குணம். ஹெச்.டி.எம்.ஐ.யில் 'நான் வந்துட்டேன்'னு குரல் கொடுக்கவே 19-வது பின் இருக்கு. வி.ஜி.ஏ.வுல அது கிடையாது. நீங்க சொருகினதே கம்ப்யூட்டருக்கு உடனே தெரியாமப் போகலாம். 'ப்ரொஜெக்டரை ஆன் பண்ணி, கேபிளை மாட்டிட்டு, அப்புறம் லேப்டாப்பை ஆன் பண்ணு'ன்னு அட்டெண்டர் அண்ணன் சொல்றாரே... அது மூடநம்பிக்கை இல்லை, முழுக்க இன்ஜினீயரிங்!

'வி.ஜி.ஏ.வா? அது இன்னும் இருக்கா?'ன்னு சென்னை ஃப்ரெண்ட்ஸ் கேட்பீங்க. இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி. எல்லாம் சேர்ந்து, 2015-க்குள்ள வி.ஜி.ஏ.வுக்கு விடை கொடுக்கப்போறதா 2010 டிசம்பர்லயே அறிவிச்சாங்கதான். அறிவிப்பு அமெரிக்காவுல வந்துச்சு. எங்க செமினார் ஹால் சீலிங்ல தொங்குற ப்ரொஜெக்டருக்கு யாரும் தந்தி கொடுக்கலை!

நாலு: 1366. இந்த எண்ணுல ஒரு வில்லங்கம் இருக்கு. ஜாதகத்துல சுருக்கமா அளவு எழுதுற ஒரு பகுதி உண்டு. அங்கே அகலம் 8-ஆல வகுபடணும். 1366-ஐ 8-ஆல வகுத்துப் பாருங்க... 170.75. உதைக்குதா? அதனால, சில மானிட்டர், டி.வி.க்கள் 1360 என்றும் 1368 என்றும் தோராயமா சொல்லும். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே, '1368-னு வந்தா அது 1366-ஆ இருக்கலாம்'னு திருத்துறதுக்குன்னே தனியா நாலு வரி எழுதி வெச்சிருக்காங்க. ஓரத்துல எழுத்து லேசா கலங்கித் தெரிஞ்சா சந்தேகம் இங்கே போகட்டும்.

சரி, ஜாதகமே வரலைன்னா கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? லினக்ஸ் 1024 × 768-க்கு மேல போகாது. பொண்ணு வீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாத மாப்பிள்ளை, பொதுவா ஒரு சைஸ் சட்டையை எடுத்துக் கொடுக்கிற மாதிரி. பத்திரமான முடிவுதான். ஆனா, நல்ல 1440 × 900 மானிட்டர்ல எழுத்து எல்லாம் இழுத்து வெச்ச மாதிரி அசிங்கமா தெரியும். 'மானிட்டர் போச்சு, மாத்தணும்'னு முடிவு கட்டிடுவாங்க. நல்ல மானிட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். 128 பைட் வராததுக்கு ஒரு மானிட்டரையே தூக்கிப் போடுறது அநியாயம் இல்லையா?

நடக்கலாம், வாங்க!

இப்போ மேனுவல். படிப்படியா போவோம்.

முதல்ல விண்டோஸ் கீயோட 'பி'யை அழுத்துங்க. விண்டோஸ் 7 (2009) காலத்துலேர்ந்து இருக்கிற வசதி. லேப்டாப் மட்டும், ரெண்டுலயும் ஒண்ணு, நீட்டிக்கிறது, வெளித்திரை மட்டும்... நாலுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். க்னோம், கே.டி.இ. லினக்ஸ்லயும் இதே கீ வேலை செய்யும். பாதிப் பிரச்னை இங்கேயே தீர்ந்துடும்.

அடுத்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸ். அங்கே கொடுத்திருக்கிற அளவுகள்ல நீங்களே ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. பழைய ப்ரொஜெக்டர்னா 1024 × 768 அல்லது 800 × 600, 60 ஹெர்ட்ஸ். லேப்டாப் 1366, ப்ரொஜெக்டர் 1024-ன்னா, ரெண்டுலயும் ஒரே படம் காட்டும்போது ரெண்டுக்கும் பொதுவான சைஸுக்குத்தான் இறங்கும். பயப்படாதீங்க.

லிஸ்ட்லயே நீங்க தேடுற அளவு இல்லையா? லினக்ஸ்ல எக்ஸ்.ஆர்க் ஓடுதுன்னா 'எக்ஸ்ராண்டர்' கமாண்ட் இருக்கு. மேலே பார்த்த மோட்லைனை 'சி.வி.டி.' கமாண்டே கணக்குப் போட்டுக் கொடுத்துடும். அந்த வரியைப் புது அளவா அறிமுகப்படுத்துறது, எந்த போர்ட்டுக்குன்னு சேர்க்கிறது, பிறகு அந்த அளவுக்கு மாத்துறது... மூணே ஸ்டெப். இதுல ஒரு நல்ல விஷயம், லாக்-அவுட் பண்ணினா எல்லாம் மறைஞ்சுடும். தப்பா போனாலும் கெடுதல் இல்லை.

ஆனா, காலம் மாறுது. 'வேலாண்ட்' என்கிற புது ஏற்பாடு எக்ஸோட இடத்தைப் பிடிச்சுக்கிட்டு வருது. 2025 மே-யில் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-ல் எக்ஸ்.ஆர்க் சர்வர் கிடையாது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல், க்னோம் டெஸ்க்டாப்பை எக்ஸ் மேல ஓட்டுற வழியை எடுத்துட்டாங்க. அங்கே எக்ஸ்ராண்டர் வித்தை பலிக்காது. அதனால மேனுவல் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. வீடு மாறியிருக்கு, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதே கெர்னல்கிட்ட 'இந்த போர்ட்ல இந்த சைஸ் திரை இருக்கு'ன்னு சொல்லலாம். நல்ல கேபிள்ல மாட்டி ஒரு தடவை ஜாதகத்தை வாங்கி ஃபைலா சேமிச்சு வெச்சுக்கிட்டு, 'இனிமே இதையே படிச்சுக்கோ'ன்னும் சொல்லலாம். தமிழ்ல இந்த மாதிரி லினக்ஸ் விஷயங்களைப் படிக்கணும்னா, 2012-லேர்ந்து வர்ற 'கணியம்' இருக்கு. தேடிப் பாருங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. யாரோ எழுதின கான்ஃபிகரேஷன் ஃபைலை அப்படியே காப்பி அடிச்சு உங்க மெஷின்ல போடாதீங்க. அது அவங்க மானிட்டரோட ஜாதகம்! கையால எழுதினது மாறாது. ஆனா, மானிட்டர் மாறும். இன்னிக்குச் சரியா இருக்கிற அதே ஃபைல்தான், நாளைக்கு வேற திரையை மாட்டும்போது கறுப்பு ஸ்க்ரீனைக் காட்டும். தற்காலிகமா செஞ்சு பாருங்க. சரியா வந்தா மட்டும் நிரந்தரமாக்குங்க. எதை எழுதினோம், ஏன் எழுதினோம்னு மேலேயே ஒரு வரி குறிப்பு போடுங்க. உங்களுக்கு அப்புறம் வர்ற ஜூனியர் உங்களை வாழ்த்துவான்.

15 செகண்ட் பாடம்

எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு எது தெரியுமா? விண்டோஸ்ல ரெசல்யூஷனை மாத்தினா, 'இதையே வெச்சுக்கலாமா?'ன்னு கேட்டுட்டு 15 செகண்ட் எண்ணுமே... அதுதான்! க்னோம் 20 செகண்ட் கொடுக்கும். பதில் சொல்லலைன்னா பழையபடி மாத்திடும். ஏன்னா, திரை கறுப்பாயிட்டா உங்களால 'வேண்டாம்' பட்டனைப் பார்க்கவே முடியாது! பேசாம இருந்தா அதை 'வேண்டாம்'னு எடுத்துக்கோன்னு எழுதின அந்த முகம் தெரியாத இன்ஜினீயருக்கு ஒரு ஃபில்டர் காபி பார்சல்.

ஆட்டோவும் மேனுவலும் சண்டைக்காரங்க இல்லைங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேணுமா? மெஷின் ஒரு யோசனை சொல்லுது. மனுஷன் பார்த்து 'சரி'ங்கிறான். சரியில்லைன்னா திரும்பிப் போக வழி இருக்கு.

இது டெல்டாவுக்குப் புதுசும் இல்லை. மேட்டூர் அணையைத் திறக்க ஜூன் 12-ன்னு ஒரு தேதி வழக்கமா இருக்கு. அதுதான் நம்ம ஆட்டோ செட்டிங். ஆனா, 2012-லேர்ந்து 2019 வரைக்கும் ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில திறக்க முடியலை. 2020-லதான் மறுபடி முடிஞ்சது. தேதி வந்துடுச்சேன்னு யாரும் காலி அணையைத் திறந்து விடலை. நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு எடுத்தாங்க. தண்ணி பாமணியாறு வரைக்கும் வந்த பிறகும், எந்த மதகை எத்தனை அங்குலம் தூக்கணும்னு லஸ்கர் அண்ணன் கரையில நின்னு பார்த்துத்தான் திருகுறார். தேதி தேவை. திருகத் தெரிஞ்ச ஆளும் தேவை.

இன்ஜினீயரிங் படிக்கிற நாம 'எல்லாம் ஆட்டோமேட்டிக்' என்கிற காலத்துல வளர்ந்தவங்க. வேலை செய்யுற வரைக்கும் அதுக்குள்ள எட்டிப் பார்க்கிறதில்லை. வேலை செய்யாதப்போ நமக்கு வராதுன்னு நினைச்சுக்கிறோம். நடுவுல ஒரு வழி இருக்கு. ஆட்டோ எந்தக் கேள்வியைக் கேட்டது, எந்தப் பதில் வரலைன்னு தெரிஞ்சுக்கிறது. அது தெரிஞ்சவனை எந்த நோ சிக்னலும் மிரட்ட முடியாது.

ரிவ்யூவுக்கு முன்னாடி... குட்டி செக்லிஸ்ட்

* முதல் நாள் சாயங்காலமே ஹாலுக்குப் போய், அதே லேப்டாப், அதே கேபிள்ல மாட்டிப் பாருங்க.
* கேபிள் முனையைத் திருப்பி வெளிச்சத்துல பாருங்க. வளைஞ்ச பின் கண்ணுக்கே தெரியும். 9-வது பின் இடம் காலியா இருந்தா பதறாதீங்க. நிறைய கேபிள்ல அது இருக்காது. 12-ம் 15-ம் இருக்கான்னு பாருங்க.
* ப்ரொஜெக்டர் முதல்ல, லேப்டாப் அப்புறம்.
* ஹால் ப்ரொஜெக்டர் 1024 × 768-ன்னா ஸ்லைடையும் 4:3 சைஸ்ல பண்ணுங்க. அகல ஸ்லைடு பண்ணினா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டைதான் மிஞ்சும்.
* பென் டிரைவ்ல பி.டி.எஃப். ஒரு காப்பி. எந்த மெஷின்லயும் திறக்கும்.
* உங்க ஃப்ரெண்டுக்கு நோ சிக்னல் வந்தா சிரிக்காதீங்க. எழுந்து போய் கேபிளைப் பாருங்க.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க மானிட்டரோட ஜாதகத்தைப் பாருங்க. விண்டோஸ்னா டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'க்குப் போனா இப்போ எந்த அளவு, எத்தனை ஹெர்ட்ஸ்னு தெரியும். லினக்ஸ்னா, 'சிஸ்' ஃபோல்டருக்குள்ள 'கிளாஸ்', அதுக்குள்ள 'டி.ஆர்.எம்.' என்று போங்க. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள 'ஈ.டி.ஐ.டி.' என்ற ஃபைல்தான் அந்த ஜாதகம். ஹெக்ஸ் வியூவர்ல திறந்து, 18-வது பைட்டை எடுத்துப் பத்தடிமான எண்ணா மாத்தி 1990-ஐக் கூட்டுங்க. உங்க மானிட்டர் பிறந்த வருஷம் வரும். சில மானிட்டர்ல அது மாடல் வந்த வருஷமாகவும் இருக்கலாம். உங்களைவிட மூத்ததா இருந்தா, அண்ணேன்னு ஒரு வணக்கம் போட்டுக்குங்க!

அடுத்த வாரம் வேற ஒரு குடைச்சலோட வர்றேன். டேக் கேர் மக்களே!